பல்லை ஒட்டும் பசையும் உயிரணுக்களும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் கல்வியின் பெருமையைப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதனைப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். நான் பல்லைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். நான் மருத்துவன் அல்லன், பி.ஏ., பி.எட். படித்த வரலாற்று ஆசிரியன். எனினும், சென்ற ஆண்டு என்னை நாடி வந்த ஒரு மாணவியின் கைகள் இப்பொருளை என்னைப் படிக்க வைத்தன.

நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தவள் அவள். விரல் நுனிகள் வெடித்து, தோல் உரிந்து, நகக்கண்கள் சிவந்திருந்தன. “சார், சோப்பை மாத்திப் பார்த்தும் போகல” என்றாள். பணிபுரியும் இடத்தில் அவளுக்குக் கிடைத்த விளக்கம், “உன் தோலே அப்படி” என்பதாகும். இத்தகைய விளக்கங்களைப் பல இடங்களில் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆகவே அவளும் அதனை நம்பிவிட்டாள். தோல் மருத்துவர் ஒருவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து பார்த்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. வெள்ளை அடைப்பைப் பல்லோடு பிணைக்கும் பசையில் ‘ஹெமா’ என்றொரு இரசாயனம் உண்டு. அதுவே காரணம்.

ஆண்டுகளைச் சொல்லாவிட்டால் வரலாற்று ஆசிரியனுக்கு உறக்கம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். உலோகத்திற்கு வண்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதன் மேற்பரப்பைப் பதப்படுத்துவது தொழிற்சாலை வழக்கம். அதனைக் கண்ட அமெரிக்கர் மைக்கேல் புவோனோகோர், 1955-இல் அதே அமிலத்தைப் பல்லின் எனாமல் மீது அரை நிமிடம் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் தோன்றின. அவற்றில் பிசின் இறங்கிப் பிடித்துக்கொண்டது. 1962-இல் ரபேல் போவன் ‘பிஸ்-ஜிஎம்ஏ’ என்னும் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டைனையும் அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறையை ஜப்பானின் பூசயாமா 1979-இல் வெளியிட்டார். அன்றுதான் உண்மையான கேள்வியும் பிறந்தது.

எனாமலின் எடையில் 100-க்கு 96 பங்கு தாது உப்பு. அதற்கு வலியும் இல்லை, உயிரணுவும் இல்லை. டென்டைன் அப்படியன்று. அதனூடே நுண்குழாய்கள் பல்லின் உட்புறத்திலுள்ள பற்கூழ் வரை செல்கின்றன. பற்கூழுக்கு அருகில் ஒரு சதுர மில்லிமீட்டரில் அக்குழாய்கள் 40,000-க்கும் மேல்! குழாய்களில் நீர் உண்டு. பற்கூழிலோ நரம்பும் இரத்தமும் உயிருள்ள அணுக்களும் உண்டு. மேலே தடவும் பசை குழாய் வழியே கீழே இறங்கினால் அவ்வணுக்கள் என்னாகும்?

பசை குப்பியில் இருக்கும்போது அதன் மூலக்கூறுகள் தனித்தனியாக உள்ளன. நீலநிற ஒளி பட்டதும் அவை கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிக் கெட்டிப்படுகின்றன. ஆனால் எல்லாம் கைகோப்பதில்லை. ஒரு பகுதி தனித்தே நின்றுவிடுகிறது. காற்று படும் மேற்பரப்பில் இன்னும் அதிகமாக நிற்கிறது. ஹெமா மிகச் சிறிய மூலக்கூறு. நீரில் எளிதாகக் கரைவது. எனவே எங்கும் நுழைகிறது. உயிரணுவுக்குள் புகுந்தால், அணு தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்துள்ள குளூட்டாத்தியோன் என்னும் பொருளைச் செலவழித்துவிடுகிறது. காவல் இழந்த அணு சிதைகிறது.

இதனைச் சோதிக்கும் முறை எளிது. எலியின் அணுக்களிலிருந்து வழிவழியாக ஆய்வகத்தில் வளர்க்கப்படும் எல்-929 என்னும் அணுக்களின் மீது பசையின் சாற்றை ஊற்றுகின்றனர். பிறகு மஞ்சள் நிறச் சாயம் ஒன்று சேர்க்கப்படுகிறது. உயிருள்ள அணு அதனை ஊதா நிறமாக்கும். உயிர்ப்பு 100-க்கு 30 பங்குக்கு மேல் குறைந்தால் அப்பொருள் அணுக்களுக்கு நஞ்சு எனச் சர்வதேசத் தர விதி கொள்கிறது. கெட்டிப்படாத பசைகள் இச்சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன.

அப்படியானால் வெள்ளை அடைப்பு நஞ்சா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. கண்ணாடித் தட்டிலுள்ள அணுவுக்கு நேரே பசை படுகிறது. வாயிலோ இடையில் டென்டைன் என்னும் சுவர் நிற்கிறது. அச்சுவர் அரை மில்லிமீட்டருக்கு மேல் எஞ்சியிருந்தால் பற்கூழுக்குப் பெருந்தீங்கு நேர்வது அரிது. குழி மிக ஆழமாகிச் சுவர் மெலிந்துவிட்டால், அடியில் வேறொரு காப்புச் சிமெண்டை வைத்துவிட்டே பசையைத் தடவுவது நல்லது. பற்கூழே வெளியே தெரிந்துவிட்டால் அதன்மேல் பசையை வைக்கலாகாது. விலங்குகளில் அவ்வாறு வைத்துப் பார்த்தபோது நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார்கள். மனிதப் பற்களில் அழற்சி நீடித்தது. சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பற்களிலோ புதிய டென்டைன் பாலமாக வளர்ந்தது.

அச்சத்தால் சொத்தைப் பல்லை அப்படியே விட்டுவிடுவதும் பிழை. 1965-இல் அமெரிக்காவில் எலிகளின் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்தபடியே விட்டனர். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பற்கூழ் தானே ஆறியது. சாதாரண எலிகளில் அது அழுகியது. பற்கூழின் பெரும்பகைவன் கிருமியே. நன்கு ஒட்டிய பசை அந்தக் கிருமிக்கு வாயிலை அடைக்கிறது. இதனை நான் படித்தபோது பசையின் மீதிருந்த என் கோபம் பாதி குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மீதிக் கோபம் குறையவில்லை. நோயாளி ஓரிரு துளியைச் சில நிமிடம் சந்திக்கிறார். உதவியாளரோ நாள்தோறும், அதுவும் கெட்டிப்படாத நிலையில் சந்திக்கிறார். சாதாரண ரப்பர் கையுறை போதும் என்று அம்மாணவி நம்பியிருந்தாள். இம்மூலக்கூறுகள் அக்கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் செயற்கைப் பற்களிலும், மூட்டு மாற்றுச் சிகிச்சையின் எலும்புச் சிமெண்டிலும் உள்ளன. பிற்காலத்தில் அவளுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் இந்த ஒவ்வாமையை முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

பாதரசம் கலந்த அடைப்பைக் குறைப்பதையும் உள்ளடக்கிய மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், சில விலக்குகள் தவிர, அதனை நிறுத்திவிட்டது. இனி வெள்ளை அடைப்பும் பசையும் பெருகும். அவற்றைக் கையாளும் வேலைக்கு நம் பிள்ளைகள் பலர் செல்வார்கள். பல் கட்டுப் பட்டறைகளுக்கும், நகரங்களில் செயற்கை நகம் ஒட்டும் கடைகளுக்கும் செல்வோர்க்கும் இதே பசையினம்தான் காத்திருக்கிறது.

அம்மாணவி இப்போது வேறொரு மருத்துவமனையில் பதிவேடு எழுதும் பணியில் இருக்கிறாள். கைகள் ஆறிவிட்டன. தன் தோழியருக்காக ஒரு தாளில் அவளே எழுதிக் கொடுத்தாள்: பசையை விரலால் தொடாதே, தூரிகையின் காம்பைப் பிடி, நைட்ரைல் கையுறை அணி, பசை பட்டால் உடனே கழற்றி மாற்று, அதுவும் நெடுநேரம் தாங்காது, குப்பியை மூடி வை, நீல ஒளியைக் குறைத்த நேரத்தில் முடிக்கச் சொன்னால், குறிப்பிட்ட நேரம் எவ்வளவு என்று கேள். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறாள். அத்தாள் நம் கழக அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம்.