நோனா ஆண்களுடனும் ஆடினார்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



2020இல் கொரோனாவால் வீட்டுக்குள் இருந்தபோது நம்மில் பலர் 'த குயீன்ஸ் கம்பிற்' தொடரைப் பார்த்தோம். ஒரு பெண்பிள்ளை சதுரங்கத்தில் ஆண்களை வெல்வதைக் கண்டு கைதட்டினோம். அவள் கற்பனைப் பாத்திரம். ஆனால் கடைசிப் பகுதியில் உண்மையான ஒரு பெண்ணின் பெயரும் வருகிறது: நோனா கப்ரிந்தாஷ்விலி. அவர் பெண்களின் உலகச் சம்பியன், ஆண்களுடன் ஆடியதே இல்லை என்று வர்ணனையாளர் சொல்லிவிட்டுப் போகிறார். நாங்களும் கேட்டோம், நம்பினோம்.

நோனா 1941இல் ஜோர்ஜியாவின் சுக்டிடி நகரில், ஐந்து சகோதரர்களுக்கு ஒரே சகோதரியாகப் பிறந்தவர். அந்த நாட்டில் மணப்பெண்ணின் சீதனத்தோடு சதுரங்கப் பலகையும் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்ததாம். (நமது சீதனப் பட்டியல்களில் என்னென்னவோ இருந்தன, இது மட்டும் இல்லை!)

1962இல், 21 வயதில், பைக்கோவாவை 9–2 என்று வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். பதினாறு ஆண்டுகள் அதை விடவில்லை. அத்தோடு நின்றிருந்தால் அந்த வர்ணனை ஓரளவு சரியாகியிருக்கும். அவர் நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் போட்டியில் இரண்டாம் நிலைப் பிரிவை வென்று, அடுத்த முறை முதல் நிலைப் பிரிவில் ஆடினார். 1977இல் கலிபோர்னியாவின் லோன் பைனில், ஆண் கிராண்ட்மாஸ்டர்கள் நிறைந்த போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1978இல் 17 வயதான இன்னொரு ஜோர்ஜியப் பெண், மாயா சிபுர்தனிட்சே, அவரிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். அதே ஆண்டில்தான் நோனாவுக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது. பெண்களுக்கென்று தனியாக உள்ள பட்டமல்ல, ஆண்கள் பெறும் அதே பட்டம். உலகிலேயே அதைப் பெற்ற முதற் பெண் அவர்.

2021இல், எண்பது வயதில், நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் மீது ஐம்பது இலட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். கதை நடக்கும் 1968ஆம் ஆண்டுக்குள்ளேயே தாம் குறைந்தது 59 ஆண்களுடன் ஆடியிருந்ததாக மனுவில் கணக்குக் காட்டினார். ஜோர்ஜியரான தம்மை ரஷ்யர் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. கற்பனைக் கதைதானே என்று நிறுவனம் வாதிட்டது. அதற்காக வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது என்றார் நீதிபதி. 2022இல் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. மலருக்குப் படங்கள் தேடியபோது எங்கள் சதுரங்க அணியின் பழைய படமொன்று கிடைத்தது. ஐந்து பிள்ளைகள், இரட்டைப் பின்னல், நடுவில் வெற்றிக் கிண்ணம். கீழே பிரதம விருந்தினரின் பெயர் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. யாரை வென்றார்கள், எந்த ஆண்டு என்றும் இல்லை.

படத்தை மண்டப வாசலில் வைத்திருக்கிறோம், பக்கத்தில் பேனையும் இருக்கிறது. தெரிந்த முகம் இருந்தால், தேநீருக்குப் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.