சென்னைக்கு ஃபிளைட்டில் போன ஒரு ஆசிரியையின் ரயில் பேச்சு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியையான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். "ரயிலைப் பற்றிப் பேசுங்கள் டீச்சர்" என்று செயலாளர் போன் செய்தபோது நான் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். போனது விமானத்தில். பேத்திக்குக் காதுகுத்து. தேதி இரண்டு மாதம் முன்பே தெரியும், டிக்கெட் போட மறந்தது நான்தான். கடைசி வாரத்தில் பார்த்தால் எல்லா வண்டியிலும் வெயிட்டிங் லிஸ்ட். மருமகன், "அத்தை, பேசாம ஃபிளைட்ல வந்துடுங்க" என்று டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

சரி, எவ்வளவு நேரம் மிச்சம் ஆனது? நம் திருக்கோகர்ணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 45 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். பெட்டிக்குக் காத்திருந்து, மீனம்பாக்கத்திலிருந்து மகள் வீட்டுக்குப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக, ஐந்தரை மணி நேரம். விடியற்காலையில் காரைக்குடியில் புறப்பட்டு நம் ஊர் வழியாகப் போகும் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறியிருந்தால் நண்பகல் வாக்கில் சென்னை. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வண்டியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடலாம், காலாற நடக்கலாம்.

இப்போது புகைக் கணக்குக்கு வருகிறேன். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, உள்நாட்டு விமானத்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய 250 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு. ரயிலில் 35 கிராம் அளவில். அதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தேன். திருச்சி - சென்னை வான்வழி சுமார் 300 கிலோமீட்டர், அதாவது தலைக்கு 75 கிலோ. புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 390 கிலோமீட்டர், 14 கிலோகூட வரவில்லை. விமான நிலையத்துக்குப் போன கார் புகையை நான் சேர்க்கவே இல்லை. நம் ரயிலுக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது, அதனால் பிரிட்டன் எண் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நம் வண்டிகள் காலியாக ஓடுவதில்லை. ஒரே இழுவையில் ஆயிரம் பேருக்கு மேல் போகிறோம்.

குறைந்த தூர விமானம் ஏன் இவ்வளவு மோசம் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். விமானத்துக்கு அதிக எரிபொருள் தேவைப்படுவது மேலே ஏறும்போதுதான். சென்னை போகிற விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ரயிலிலோ இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருள்கிறது. உராய்வு மிகக் குறைவு. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அதைக் காப்பாற்றக் கொஞ்சம் சக்தி போதும்.

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளைகள் பறப்பதை நான் குறை சொல்லவில்லை. கடலைத் தாண்ட வேறு வழி இல்லை. அப்படிச் சொல்லும்போதே என் தாத்தா ஞாபகம் வருகிறது. அவர் கண்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. அதுதான் போட் மெயில். நம் ஊருக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929இல். அடுத்த ஆண்டே பாதை மானாமதுரை வரை நீண்டது. தாத்தா புதுக்கோட்டையில் ஏறி, தகரப் பெட்டியோடு கண்டிக்குப் போனார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, அந்த வழியும் போயிற்று. ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸைப் போட் மெயில் என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். இப்போது கொழும்புக்குத் திருச்சியிலிருந்து விமானம்.

பிரான்சில் 2023 மே மாதம் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிந்தால் அந்த ஊர்களுக்கு இடையே விமானம் கூடாது. பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்கு நிறுத்தினார்கள். அந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் நிபந்தனை. ஒரு நாளைக்குப் பல ரயில்கள் இருக்க வேண்டும், போன ஊரில் வேலையை முடித்துக்கொண்டு அன்றே திரும்ப முடிய வேண்டும். அப்படி ரயில் இருந்தால்தான் விமானத்தை நிறுத்தலாம்.

நம் கதையும் அங்கேதான் நிற்கிறது. என் மருமகனிடம் 75 கிலோ, 14 கிலோ என்று பாடம் எடுத்தால், "சீட் எங்கே அத்தை?" என்பார். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை இரட்டைப் பாதை போட்டாயிற்று. 2023 செப்டம்பரில் வந்த திருநெல்வேலி வந்தே பாரத் திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் சென்னை சேர்க்கிறது. திருச்சியைத் தாண்டி நம் பக்கம் திரும்பினால் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஸ்டேஷனில் கிராசிங்குக்கு நிற்க வேண்டும். கூடுதல் வண்டி கேட்டால், விட இடம் இல்லை என்ற பதில் வரத்தான் செய்யும்.

ஆனால் புதுப் பாதை வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பல்லவன் ஒரு காலத்தில் திருச்சியோடு நின்ற வண்டிதான். காரைக்குடி வரை நீட்டினார்கள், நமக்குப் பகல் வண்டி கிடைத்தது. திருச்சியில் நின்றுவிடும் இன்னொரு வண்டியை அதேபோல் நீட்டக் கேட்கலாம். வந்தே பாரத் நேரத்துக்கு ஏற்றபடி காலையில் இங்கிருந்து திருச்சி ஜங்ஷனுக்கு ஓர் இணைப்பு வண்டி கேட்கலாம். நம் தெருவிலிருந்து ரயில் நிலையத்துக்கு, விடியற்காலைப் பல்லவனுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை நினைத்தே ரயிலை விட்டவர்கள் இங்கே உண்டு. இரட்டைப் பாதைக் கோரிக்கையையும் விடாமல் சேர்த்தே எழுத வேண்டும்.

வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி மனு கொடுத்தால் அது கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். எண்ணிக்கையோடு போவோம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர், எத்தனை முறை சென்னைக்குப் போனீர்கள், ரயிலா, பஸ்ஸா, காரா, விமானமா, ரயிலில் போகாததற்குக் காரணம் சீட்டா, நேரமா, அவ்வளவுதான். முதல் வரியை நான் எழுதிவிட்டேன்: விமானம், ஒரு முறை, காரணம் மறதி.

இன்னொன்று. முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. பொங்கலுக்குப் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் நவம்பர் நடுவிலேயே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். செல்போனில் பதிவு செய்யத் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை அலுவலகத்துக்கு வாருங்கள், நானும் மாடி வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருப்போம். ஆதார் அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.