போர்வீரரின் துணைவி, நான்கு மக்களின் தாய்

(பங்கு மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போர்முனைக்குச் சென்றவரின் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. அவர் விட்டுச் சென்ற வீட்டில் அடுப்பெரித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நின்றவளின் பெயரை யார் எழுதுகிறார்கள்? அப்படிப்பட்ட ஒரு தாயின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் அமெரிக்க நாட்டின் சிபில் ஸ்டாக்டேல் அம்மையார்.

1924ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த அவர், கல்லூரிப் படிப்பை முடித்து, 1947இல் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்னும் இளம் கடற்படை அதிகாரியை மணந்தார். கடற்படைக்காரரின் மனைவி என்றால் ஊர் ஊராகப் பெட்டி கட்ட வேண்டும்; கணவர் கப்பலில் இருக்கும் மாதங்களில் தாயும் தந்தையுமாகத் தானே இருக்க வேண்டும். அப்படித்தான் நான்கு ஆண் மக்களையும் அவர் வளர்த்தார். கலிபோர்னியாவில் கடலோரத்து ஊராகிய கொரனாடோவில் குடும்பம் நிலைகொண்டது.

1965 செப்டம்பர் 9ஆம் நாள் வடவியட்நாமின்மீது பறந்த ஸ்டாக்டேலின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. காணவில்லை என்ற செய்திதான் முதலில் வீட்டுக்கு வந்தது. மூத்த மகன் அரும்பும் வயதுப் பிள்ளை. கடைக்குட்டியோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காத குழந்தை. கணவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? தான் மனைவியா, கைம்பெண்ணா? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? அடுத்த ஆண்டு அவர் கைப்படக் கடிதம் வந்த பிறகுதான் உயிரோடு இருக்கிறார் என்பது உறுதியாயிற்று. அவர் இருந்த இடம் ஹனாய் நகரின் ஹோவா லோ சிறைச்சாலை.

அப்போது அரசாங்கம் இக்குடும்பங்களுக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: 'வாயைத் திறக்காதீர்கள், வெளியில் பேசினால் உங்கள் கணவருக்குத்தான் ஆபத்து.' அம்மையாரும் அதை நம்பி அடங்கியிருந்தார். கடற்படை உளவுத் துறையினர் சொல்லிக் கொடுத்தபடி, சாதாரணக் குடும்பக் கடிதம் போலத் தோன்றும் கடிதங்களில் இரகசியச் செய்தி அனுப்பவும் இசைந்தார். இது எளிதான முடிவன்று. அகப்பட்டால் கணவரை ஒற்றர் என்று சொல்லிக் கொன்றுவிடலாம். ஆயினும் துணிந்தார். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் பதில் வந்தது. உடன் அடைபட்டிருந்த கைதிகளின் பெயர்கள் அதில் இருந்தன. சித்திரவதை நடக்கிறது என்ற செய்தியும் இருந்தது.

தாய்மார்களே, அந்த நிலையை எண்ணிப் பாருங்கள். உண்மை நெஞ்சில் நெருப்பாய்க் கிடக்கிறது. வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. காலையில் பிள்ளைகளுக்கு உணவு பரிமாற வேண்டும். வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும். அவர்கள் முன் முகம் வாடாமல் இருக்க வேண்டும்.

அம்மையார் முதலில் செய்த காரியம் மிகச் சிறியது. தம்மைப் போலவே துயருற்ற மற்ற மனைவியரைத் தம் வீட்டு உணவு மேசைக்கு அழைத்தார். ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைத்தனர். கண்ணீர் துடைத்த கைகளே பின்னர் கடிதம் எழுதின. அதிகாரிகளின் கதவைத் தட்டின. 1968 அக்டோபரில், இனியும் பொறுப்பதில் பயனில்லை என்று கண்டு, கைதிகள் கொடுமைக்கு உள்ளாவதை அம்மையார் செய்தித்தாளில் வெளிப்படுத்தினார். 1969 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லேர்டும் இதைப் பகிரங்கமாகப் பேசினார். மௌனக் கொள்கை உடைந்தது!

அதே ஆண்டு அக்டோபரில் அம்மையார் பாரிசு நகருக்குச் சென்று, வடவியட்நாம் பிரதிநிதிகளை நேரில் கண்டு, தம் கணவரைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் முறையிட்டார். டிசம்பரில் குடியரசுத் தலைவர் நிக்சன், கைதிகளின் மனைவியரையும் தாயாரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1970இல் அக்குடும்பங்களின் தேசியக் கழகம் முறையாகப் பதிவு பெற்றது. உணவு மேசையில் தொடங்கியது நாடளாவிய இயக்கமாக வளர்ந்தது. 1969ஆம் ஆண்டின் இறுதி முதல் சிறையில் கொடுமையும் தணியத் தொடங்கியது. ஹோ சி மின் அவர்கள் மறைந்ததும் அக்காலத்தில்தான். ஆயினும் உலகத்தின் கண் அச்சிறையின்மேல் திரும்பியதில் இப்பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

1973 பிப்ரவரி 12ஆம் நாள் ஸ்டாக்டேல் விடுதலை பெற்றார். ஏழரை ஆண்டுகள்! அதில் நான்கு ஆண்டுகள் தனிச் சிறை. திரும்பியவர் நொண்டி நடந்தார். விட்டுச் சென்ற குழந்தைகள் வளர்ந்து நின்றார்கள். போன காலம் யாருக்கும் திரும்பி வரவில்லை. ஆனால் குடும்பம் சிதையாமல் அவருக்காகக் காத்திருந்தது. அதைக் காத்துக் கொடுத்தவர் அந்தத் தாய்.

பிற்காலத்தில் கணவரும் மனைவியும் சேர்ந்து தம் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார்கள். 1984இல் வெளிவந்த அந்நூலில் ஓர் அதிகாரம் அவருடையது, அடுத்தது இவருடையது என்று மாறி மாறி வருகின்றன. சிறையில் பட்ட பாடும் வீட்டில் பட்ட பாடும் சரிசமமாக அதில் இடம் பெற்றிருப்பது எவ்வளவு பொருத்தம்! கடற்படையும் பொதுப்பணிக்கான தன் உயரிய விருதை அம்மையாருக்கு வழங்கியது. முதுமையில் கணவரை மறதி நோய் பற்றியபோதும் அவர் துணை நின்றார். 2005இல் கணவர் காலமானார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பலுக்கு 2008இல் பெயர் சூட்டியவரும் அம்மையாரே. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்த அந்தக் குடும்பத் தலைவி 2015 அக்டோபரில் தமது 90ஆம் வயதில் மறைந்தார்.

அன்பார்ந்த தாய்மார்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியது என்ன? பொறுமை பெரிது; அதில் ஐயமில்லை. ஆனால் பிறர் துன்பத்தை மூடி மறைக்கும் மௌனத்துக்குப் பொறுமை என்று பெயரில்லை. எப்போது அடங்கியிருக்க வேண்டும், எப்போது எழுந்து பேச வேண்டும் என்று பகுத்தறிந்ததே அந்த அம்மையாரின் பெருமை. அவர் தம் கணவர் ஒருவருக்காக மட்டும் பேசவில்லை. முகம் அறியாத மற்றவர்களின் கணவருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பேசினார்.

நம் தெருவிலும் கணவரைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டுத் தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை இந்த வாரம் நம் வீட்டுக்கு அழைப்போம். உட்கார வைத்துப் பேசுவோம். அவர் சொல்வதைக் கேட்போம். பெரிய காரியங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.