முற்பணச் சுமை
(வாடகைக் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையில் வீடு தேடும் நாம் முதலில் கேட்பது, “வாடகை எவ்வளவு?” என்றன்று, “முற்பணம் எத்தனை மாதத்துக்கு?” என்றே. ஆறு மாதம், ஓராண்டு என மொத்தமாகக் கேட்கின்றனர். மாதச் சம்பளத்தில் வாழும் நாம் எங்கே போவோம்? காப்பும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போகின்றன.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கலாகாது என விதித்தது. பின்வந்த திருத்தங்களோ புதிய குடியிருப்புகள் பலவற்றை அச்சட்டத்தின் காப்புக்கு வெளியே தள்ளிவிட்டன.

வீட்டுக்காரர் நமக்குப் பகைவரல்லர். அவர் சொத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். அதற்கு மூன்று மாதப் பணம் போதும். அவ்வரம்பை எல்லா வீடுகளுக்கும் விதிக்குமாறு பாராளுமன்றத்தைக் கேட்போம். அதுவரை, எழுத்திலான உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும் இன்றி ஒரு சதமும் கொடாதிருப்போம்!