டிரோன் பேட்டரிக்குக் கடன் கேட்டால்...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோனை 15,000 மகளிர் குழுக்களுக்குக் கொடுக்க 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் பேச வந்தது அந்தப் பெரிய டிரோனைப் பற்றி இல்லீங்க. பிள்ளைகள் உதிரிபாகம் வாங்கி, தாங்களே கோத்துப் பறக்கவிடுகிறார்களே, அந்தச் சின்ன டிரோனின் பேட்டரியைப் பற்றி. மகனுக்காக உள்கடன் கேட்டு வந்தால், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன் அது என்ன பொருள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செல்போனில் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். ஆனால் அதில் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ளேயே இருக்கு. பொழுதுபோக்கு டிரோனுக்குத் தனியாக விற்கும் லித்தியம் பாலிமர் பேட்டரியில் பெரும்பாலும் அது கிடையாது. மேலே இருப்பதும் மெல்லிய உறைதான். அதனால் அந்தக் காவல் வேலையை சார்ஜரும் நாமும்தான் பார்க்கணும். ராத்திரி தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற பழக்கம் இதற்கு ஆகவே ஆகாது.

வாங்கும்போது உறையில் உள்ள எண்களைப் பாருங்க. '3எஸ்' என்றால் மூன்று செல். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் வீதம் மொத்தம் 11.1 வோல்ட். டிரோனுக்கு எத்தனை எஸ் சொல்லியிருக்கோ அதேதான் போடணும். கூடினால் சர்க்யூட் கருகிடும். '2200 எம்.ஏ.எச்.' என்பது கொள்ளளவு, தண்ணிக் குடம் மாதிரி. பெரிய குடம் நல்லதுதானே என்று தோணும். ஆனா சுமக்கப்போவது டிரோன் ஆச்சே! '25சி' என்பது எவ்வளவு வேகமாக மின்சாரம் தர முடியும் என்ற கணக்கு. 2.2 ஆம்பியரை 25ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர். இந்த எண்ணைச் சில கம்பெனிகள் கூட்டியே அச்சடிக்கின்றன; தேவைக்குச் சற்று அதிகமாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பேலன்ஸ் சார்ஜர் இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் கடன் கொடுங்க, அல்லது இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. அது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து 4.2 வோல்ட்டில் நிறுத்தும். 2200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம். சார்ஜ் ஏற ஒரு மணி நேரம்போல ஆகும். அதுவரை ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கணும். கூரைக்கடியில், மெத்தை மேல், விறகுப் பக்கத்தில் வைக்காதீங்க. சிமெண்ட் தரையில், மூடாத மண்சட்டிக்குள் வைக்கலாம். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. சில நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் பாதி சார்ஜோடு வைக்கணும்.

உப்பிப்போன பேட்டரி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீங்க, தீப்பிடிக்கும். இன்னும் ஒரே ஒரு தடவை என்று சார்ஜ் போடவும் வேண்டாம். புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்க. அந்தப் புகை விஷம். கை எட்டினால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு 101க்குப் போன் பண்ணுங்க.

பழசைக் குப்பையிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடாதீங்க. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. எங்கே திருப்பிக் கொடுப்பது என்று வாங்கும்போதே கடையில் கேட்டு, ரசீதின் பின்னால் எழுதி வைச்சுக்கோங்க.