வாசலுக்கு வரும் பிள்ளைகள்

தீபாவளியன்று தோட்டத்துப் பிள்ளைகள் புத்தாடை உடுத்தி, லயம் லயமாக வீடு வீடாகப் போவார்கள். முறுக்கும் அதிரசமும் கிடைக்கும். கையில் அங்பாவும் விழும். ரவாங் வட்டாரத்தில் தோட்டங்கள் பல தாமான்களாக மாறிய பிறகும் இவ்வழக்கம் மாறவில்லை. பிள்ளைகள் இப்படிப் போகலாம்; ஆனால் எத்தனை மணிவரை, யார் துணையோடு? இதுதான் இன்றைய கேள்வி.

அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி உண்டு. அங்கே அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன். பிள்ளைகள் வேடமிட்டுக் கதவு தட்டி மிட்டாய் கேட்பார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் கடந்து போய்விட வேண்டும். எழுதாத சட்டம் இது.

எழுதிய சட்டமும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்துச் செசபீக் நகரில், பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் இப்படிக் கதவு தட்டினால் சிறைத் தண்டனைகூட விதிக்கலாம் என்று ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. 2019இல் அந்நகர மன்றம் வயதைப் பதினான்காக உயர்த்தி, சிறைத் தண்டனையை நீக்கியது. இரவு 8 மணி என்ற எல்லை மட்டும் நின்றது. அயோவா மாநிலத்து டெமோய்ன் நகரம் வேறு வழி கண்டது. ஹாலோவீன் இரவில் இளைஞர்கள் செய்த சேட்டைகளைக் குறைக்க, 1938இல் அக்டோபர் 30ஆம் தேதி மாலையைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினார்கள். ஒரு நகைச்சுவைத் துணுக்குச் சொன்னால்தான் மிட்டாய்! வெறுமனே தடுப்பதைவிட, நேரமும் வேலையும் கொடுப்பது பலன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டில் கவலை மிட்டாயைப் பற்றியதன்று, பட்டாசைப் பற்றியது. 1991 மே 7ஆம் தேதி, ரவாங்குக்கு அருகிலுள்ள சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர்; நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே ஆண்டில் வெடிபொருள் சட்டம் திருத்தப்பட்டுப் பட்டாசுக்குத் தடை வந்தது. 2022இல், உரிமம் பெற்ற விற்பனைக்கு அமைச்சரவை இணங்கியது. ஆனால், கள்ளத்தனமாக வாங்கும் வெடியும், வீட்டில் செய்யும் வெடியும் இன்றும் குற்றமே. போன விரலைச் சட்டமோ பணமோ திருப்பித் தராது.

தாய்மார்களே, காவலர் வந்து சொல்லும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி, மூன்று விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்த நேரத்துக்குப் பின் சிறு பிள்ளைகள் தனியே போகக்கூடாது. ஓர் அண்ணனோ அக்காவோ உடன் போகட்டும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் தீக்குச்சி கிழிக்கக்கூடாது. துக்கம் காக்கும் வீட்டில் அவ்வாண்டு தீபாவளி இல்லை. அந்த வாசலில் நின்று அங்பாவ் கேட்கக்கூடாது.

துணைக்குப் போகும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பையன்களிடமே கொடுத்துப் பாருங்கள். வெடியைத் தேடி அலையும் கைகள், தம்பி தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளும்.