பெயருக்கு உரியவர் யார்?

தில்லி முனிர்காவில் நான் குடியிருக்கும் அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அவ்வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் தன் கல்லூரிக்குப் பதக்கம் வாங்கித் தந்தவள். விடியுமுன் எழுந்து ஓடப் போவாள். ஓடும் காட்சியைக் கைப்பேசியில் படம்பிடித்து வெளியிடுவாள். அதனைப் பல்லாயிரம் பேர் பார்க்கின்றனர்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, அவளும் அவள் தாயாரும் நான்கு பக்க ஆங்கிலத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தனர். "அண்ணா, நீங்கள் சர்க்காரில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்" என்றார் தாயார்.

அது ஒரு காலணி வணிகர் அனுப்பிய ஒப்பந்தம். அவர் தருவது இரண்டு ஜோடிக் காலணிகளும் பதினையாயிரம் ரூபாயும். அவர் பெறுவது அப்பெண்ணின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும் பயன்படுத்தும் உரிமை. 'என்றென்றைக்கும்' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. கோயிலுக்கு நிலம் எழுதி வைத்த நம் முன்னோர் கல்வெட்டில் 'சந்திராதித்தவரை' என்று பொறித்தனர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை அத்தானம் நிலைக்கும் என்பது பொருள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் பெயரைச் சந்திராதித்தவரை எழுதிக் கொடுக்க இருந்தாள்!

இதைச் சொன்னதும் தாயார் வேறொரு கேள்வி கேட்டார். "அது இருக்கட்டும் அண்ணா. படிக்கிற பெண் விளையாட்டைக் காட்டிப் பணம் வாங்கலாமா?"

இந்தக் கேள்வி மிகப் பழையது. நம் தமிழ்நாட்டுக்கும் அது நன்கு தெரிந்ததே. சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் பந்தயம் கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1951இல் பள்ளிச் சிறுவனாயிருந்த ராமநாதன் கிருஷ்ணன், கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி பெற்று அதில் ஆடி வென்றார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும் பெற்றார். 1959இல் ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் அவரைத் தம் தொழில்முறை ஆட்டக் குழுவுக்கு அழைத்தார். மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகக் கூறினார். ஆனால் பணம் பெற்று ஆடுவோர்க்கு அந்நாளில் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1966இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் செல்லப் பெருந்துணையாக நின்றார். 1968இல் விம்பிள்டன் தன் கதவைத் தொழில்முறை ஆட்டக்காரர்க்கும் திறந்தது. அதற்குள் அவருடைய சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அவர் மறுத்தது அவருக்குப் பெருமை. அவரை அந்நிலையில் நிறுத்திய விதிக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. பணம் ஆட்டத்தை மாசுபடுத்தும் என்று சொன்னவர்கள் பார்வையாளரை இலவசமாக உள்ளே விடவில்லை. ஆடுகிறவன் மட்டும் வெறுங்கையனாக இருக்கவேண்டும் என்றே எதிர்பார்த்தனர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்விதி அண்மைக் காலம் வரை நீடித்தது. எட் ஓபேனன் என்பவர் 1995இல் தம் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து வாகை சூடித் தந்தவர். பல ஆண்டுகள் கழித்து, கணினி விளையாட்டு ஒன்றில் தம் உருவமே ஆடக் கண்டார். அதற்காக அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 2009இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2014இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புரைத்தது. இறுதியில் 2021 ஜூலை முதல் நாளிலிருந்து, மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்று அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இசைந்தது.

நம் நாட்டில் அத்தகைய பெரும் வழக்குப் போர் நிகழவில்லை. எனினும், பெயருக்கு உரியவர் யார் என்பதை நம் நீதிமன்றங்கள் முன்னரே கூறிவிட்டன. 1994இல் தமிழ்ப் பத்திரிகையான நக்கீரன் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை விளக்கியது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவ்வுரிமையை மீறுவதாகும் என்று எடுத்துக்காட்டியது. 2003இல் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை ஒட்டி எழுந்த வழக்கில், இவ்வுரிமை தனி மனிதருக்கே உரியது, போட்டியை நடத்துவோர்க்கு உரியதன்று என்று தில்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தீர்ப்புகள் இருந்தும் மீறல் நின்றபாடில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர், தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பயின்றவர். அவர் வென்றதும், அவரோடு எத்தொடர்புமில்லாத பல நிறுவனங்கள் தம் சின்னத்தை அவர் படத்தோடு பொறித்து வாழ்த்து வெளியிட்டன. அவர் சார்பில் வக்கீல் நோட்டீசுகள் அனுப்பப்பட்டன. வாழ்த்து என்ற போர்வையில் வந்ததும் விளம்பரமே.

ஆகவே அந்தத் தாயாரிடம் நான் கூறினேன்: "பணம் வாங்குவதில் தவறில்லை. பெயர் என்பது நிலம் போன்றது. குத்தகைக்கு விடலாம், கிரயம் செய்து கொடுத்துவிடக் கூடாது."

குத்தகை என்றால் சில வரையறைகள் வேண்டும். முதலாவது, காலம்: எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று எழுதியிருக்கவேண்டும். இரண்டாவது, பொருள்: காலணிக்குக் கொடுத்த பெயர் நாளை குளிர்பானத்தின்மீது ஏறக் கூடாது. மூன்றாவது, பார்வை: விளம்பரம் வெளிவருமுன் தனக்குக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். கல்லூரியிடமோ விளையாட்டுச் சங்கத்திடமோ முன்னரே கையொப்பமிட்ட தாள்கள் இருந்தால், அவற்றையும் அருகில் வைத்துப் படிக்கவேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. முதலாண்டு மாணவர் பலருக்கு இது பொருந்தும்.

கடமையும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்தில் தோன்றிப் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். உரிய விசாரணை செய்த பின்னரே பரிந்துரைத்தேன் என்று காட்டினால் அதிலிருந்து தப்பலாம். காசு பெற்றுச் சொல்வதைக் காசு பெற்றுச் சொல்கிறேன் என்று வெளிப்படையாகக் கூறவும் வேண்டும். சத்து மாவுகளின் விளம்பரத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. தடை செய்யப்பட்ட பொருள் அதில் கலந்திருந்து உடலில் காணப்பட்டால், அறியாமல் உண்டேன் என்று சொன்ன மாத்திரத்தில் குற்றம் நீங்காது. சில ஆயிரம் ரூபாய்க்காகப் பல்லாண்டு உழைப்பு போய்விடும்.

அன்றிரவே அப்பெண் ஒரு கடிதம் எழுதினாள். ஒரு வாரம் பதில் இல்லை. பின்னர் வணிகர் ஓராண்டுக் காலத்துக்கு இசைந்தார். ஆனால் பதினையாயிரத்தை ஒன்பதாயிரமாகக் குறைத்தார். "ஆறாயிரம் போய்விட்டதே, அண்ணா" என்று தாயார் மனம் வருந்தினார். அவர் கணவருக்கு வருவது சிறு சம்பளம். அத்தொகை அவ்வீட்டில் இரண்டு மாத மளிகைக்கு ஆகும். எனக்கும் உள்ளூரக் குற்ற உணர்வு எழுந்தது. அப்போது அப்பெண், "பரவாயில்லை, மாமா. அடுத்த வருஷம் நான் இன்னும் வேகமாக ஓடுவேன். அப்போது என் பெயர் என்னிடம்தானே இருக்கும்?" என்றாள். பிறகு கையொப்பமிட்டாள்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில், வாடகைச் சீட்டும் வங்கித் தாளும் புரியாத மொழியில் வருவது வழக்கமாகிவிட்டது. புரியாமலே கையொப்பமிடுவதும் வழக்கமாகிவிட்டது. உங்கள் பிள்ளை ஓடட்டும், ஆடட்டும், அதனால் பொருளும் ஈட்டட்டும். கையொப்பமிடுமுன், அந்தத் தாளை ஒரு முறை யாரேனும் தமிழில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'என்றென்றைக்கும்' என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அப்போது காதில் விழும்.